அத்தியாயம் 5: செல்போனில் நாணயத்தைத் தெளிவாகப் படமெடுப்பது

சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுங்கள். ஆண்டு எண்ணுக்குக் கீழே உற்றுப் பாருங்கள். வைர வடிவக் குறி இருந்தால் அது மும்பை நாணயச்சாலையில் அடித்தது. ஐந்து முனை நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். ஒரு புள்ளி மட்டும் இருந்தால் நொய்டா. எந்தக் குறியும் இல்லையென்றால் கொல்கத்தா.

அந்தக் குறி கடுகளவுதான் இருக்கும். அதைப் பார்ப்பவர் யாரும் சந்தேகமின்றிச் சொல்லும்படி நீங்கள் படமெடுத்துவிட்டால் போதும், இந்த அத்தியாயத்தின் வேலை முடிந்தது.

பலர் அனுப்பும் நாணயப் படங்களில் பளபளப்பான ஒரு வட்டமும் செல்போனின் நிழலும்தான் தெரிகின்றன. உடனே “என் போனில் காமிரா சரியில்லை” என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் குறை வெளிச்சத்தில் இருக்கிறது. நாணயத்தில் உள்ள உருவம், எழுத்து, வெற்றிடம் எல்லாம் ஒரே உலோகம், ஒரே நிறம். மேடு பள்ளம் மட்டுமே வேறுபாடு. மேட்டின் ஓரத்தில் நிழல் விழுந்தால்தான் எழுத்து எழுத்தாகத் தெரியும். ஆகவே நாணயத்தைப் படமெடுப்பது என்றால் அதன் நிழல்களைப் படமெடுப்பது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியும் எதற்காக என்று தானாகவே விளங்கும்.

வேண்டிய பொருட்கள்

- செல்போன். மூன்று நான்கு ஆண்டுகள் பழையதானாலும் பரவாயில்லை.
- கழுத்து வளையும் மேஜை விளக்கு ஒன்று. இரண்டு இருந்தால் நல்லது. இரண்டிலும் ஒரே வகை வெள்ளை எல்இடி பல்பு இருக்கட்டும். அட்டைப்பெட்டியில் 5000 கே முதல் 6500 கே வரை போட்டிருப்பதை வாங்குங்கள்.
- பட்டர் பேப்பர் அல்லது டிரேசிங் பேப்பர், ஒரு தாள்.
- பளபளப்பு இல்லாத சாம்பல் நிறச் சார்ட் அட்டை.
- ஒரே அளவுப் புத்தகங்கள், 15 செ.மீ. முதல் 20 செ.மீ. உயரத்துக்கு அடுக்க.
- கைக்குட்டையில் கட்டிய ஒரு பிடி அரிசி. செல்போனை அசையாமல் பிடித்துவைக்க.
- முகம் பார்க்கும் சிறு கண்ணாடி.
- மில்லிமீட்டர் கோடுள்ள ஸ்கேல்.
- தூசி ஊத ரப்பர் பம்பு, மெல்லிய பருத்தித் துணி.

முதலில் காசு, பிறகு காமிரா

படம் நன்றாக வரவேண்டும் என்ற ஆசையில் நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதுதான் இந்தத் துறையில் நடக்கும் மிகப்பெரிய சேதம். பள்ளி நாட்களில் எனக்கு 1835-ஆம் ஆண்டின் கிழக்கிந்தியக் கம்பெனி கால் அணா ஒன்று கிடைத்தது. கரும்பழுப்பாக இருந்ததைப் புளி போட்டுத் தேய்த்தேன். புதுச் செம்புக் குடம்போல மின்னியது. சில வாரங்களில் திட்டுத்திட்டாகக் கறுத்துவிட்டது. இன்று எந்த விளக்கின் கீழே வைத்தாலும் எழுத்துக்கு முன்னால் கீறல்கள்தான் தெரிகின்றன. நீண்ட காலத்தில் படிந்த அந்தப் பழுப்புத் தோலைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

1. கையைச் சோப்பு போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள்.
2. மேஜைமேல் மடித்த துணியை விரியுங்கள். கைதவறி விழுந்தாலும் நாணயத்துக்கு அடிபடாது.
3. நாணயத்தை விளிம்பில் மட்டும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். முகப்பில் விரல் பட்டால் வியர்வையும் எண்ணெயும் ஒட்டும். வெள்ளியிலும் செம்பிலும் அந்த ரேகை நாளடைவில் கறையாகிவிடும்.
4. தூசியை ரப்பர் பம்பால் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள். எச்சில் துளி புள்ளியாகப் படியும்.
5. நாணயம் அட்டை உறைக்குள் இருந்தால் முதலில் ஸ்டேப்ளர் பின்களை எல்லாம் கழற்றிவிடுங்கள். பின் இருக்கும்போதே இழுத்தால் அதன் முனை நாணயத்தைக் கீறிவிடும்.

எச்சரிக்கை: புளி, எலுமிச்சை, திருநீறு, பற்பசை, பாத்திரப் பொடி எதுவும் வேண்டாம். பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலும் அப்படியே படமெடுங்கள். அதுவும் அந்தக் காசின் வரலாறுதான்.

செல்போனை அசையாமல் நிறுத்துவது

கையில் பிடித்து எடுத்தால் இரண்டு குறைகள் சேர்ந்து வரும். படம் கலங்கும், போன் சற்றுச் சாய்வதால் வட்டக் காசு முட்டை வடிவமாகும்.

1. புத்தகங்களை மேஜை விளிம்பிலிருந்து தள்ளி அடுக்குங்கள்.
2. செல்போனைத் திரை மேலே இருக்கும்படி அடுக்கின்மேல் படுக்கவையுங்கள். காமிரா உள்ள முனை மட்டும் அடுக்கைத் தாண்டி வெளியே நீண்டிருக்கட்டும். காமிரா புடைப்பு வெளியே போய்விடுவதால் போன் தட்டையாகப் படியும்.
3. மறுமுனையில் அரிசி முடிச்சை வையுங்கள். போன் சரியாது.
4. காமிராவுக்கு நேர்கீழே சாம்பல் அட்டையை வையுங்கள்.
5. நாணயம் வரவேண்டிய இடத்தில் முகக்கண்ணாடியைப் படுக்கவையுங்கள். திரையில் செல்போனின் லென்ஸே தெரியும். அந்த லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் விழுந்தால் போன் கண்ணாடிக்குச் சரியான இணையாக இருக்கிறது. ஓரம் ஒதுங்கினால், போனுக்கு அடியில் மடித்த காகிதம் செருகிச் சரிசெய்யுங்கள்.
6. கண்ணாடியை எடுத்துவிட்டு நாணயத்தை வையுங்கள்.

குறிப்பு: அளவுமட்டச் செயலியைவிடக் கண்ணாடி நம்பகமானது. மேஜையே சாய்ந்திருந்தாலும் இது பிழைக்காது.

எவ்வளவு தூரம்?

சிறிய பொருள்தானே என்று எல்லோரும் போனை நாணயத்தின் மேல் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு குறைந்தபட்சத் தூரம் உண்டு. அதற்குள் போனால் ஃபோகஸ் ஆகாது. பல புதிய செல்போன்களின் முதன்மைக் காமிராவுக்கு அந்தத் தூரம் 15 செ.மீ. அல்லது அதற்கும் மேல்.

உங்கள் போனின் தூரத்தை இப்படிக் கண்டுபிடியுங்கள்:

1. ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் அடியில் நாணயத்தை வையுங்கள்.
2. போனை 30 செ.மீ. உயரத்தில் பிடித்து, திரையில் நாணயத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள்.
3. 2 செ.மீ. வீதம் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள்.
4. எழுத்து கூர்மையாகாமல் மசங்கத் தொடங்கும் இடத்தைக் குறித்து, அதற்கு 2 செ.மீ. மேலே போங்கள். அதுதான் உங்கள் தூரம்.

நடுவழியில் காட்சி சட்டென்று குதித்து மாறினால், போன் தானாகவே அகலக்கோண லென்ஸுக்குத் தாவிவிட்டது என்று பொருள். சந்தேகமாக இருந்தால் ஒவ்வொரு லென்ஸாக விரலால் மறைத்துப் பாருங்கள். எதை மறைத்தால் திரை இருள்கிறதோ அதுதான் வேலை செய்கிறது. பூ வடிவக் குறியோடு மேக்ரோ பொத்தான் தெரிந்தால் அதை அணைத்துவிடுங்கள். மேக்ரோ லென்ஸ் 2, 3 செ.மீ. தூரத்துக்கு இழுக்கும். அவ்வளவு கிட்டே போனால் விளக்கின் ஒளி நுழைய இடமே இருக்காது.

இப்போது ஒரு சிறு கணக்கு. வழக்கமான முதன்மைக் காமிராவில் 15 செ.மீ. தூரத்திலிருந்து ஏறக்குறைய 21 செ.மீ. அகலமுள்ள காட்சி தெரியும். 12 மெகாபிக்சல் படத்தின் நீளவாக்கில் 4000 புள்ளிகள். அதில் 27 மி.மீ. குறுக்களவுள்ள பத்து ரூபாய் நாணயத்துக்குக் கிடைப்பது சுமார் 500 புள்ளிகள். இது குறைவு. 48 அல்லது 50 மெகாபிக்சல் காமிராவாக இருந்தால் 2 மடங்கு ஜூமை அழுத்துங்கள். அதே தூரத்தில் நாணயத்துக்குச் சுமார் 1000 புள்ளிகள் கிடைக்கும். நாணயச்சாலைக் குறியைப் படிக்க அது போதும்.

அதற்குமேல் விரலால் விரித்து ஜூம் செய்யாதீர்கள். இல்லாத நுணுக்கத்தைப் போன் ஊகித்து வரையத் தொடங்கும். தேய்ந்த எழுத்து ஒன்று வேறோர் எழுத்தாகக்கூட மாறித் தெரியலாம்.

வெளிச்சம்: இந்த அத்தியாயத்தின் உயிர்

முதலில் செய்ய வேண்டியவை மூன்று. போனின் ஃபிளாஷை அணையுங்கள். அறையின் டியூப் லைட்டை அணையுங்கள். ஜன்னல் திரையை இழுத்து மூடுங்கள். நீங்கள் வைக்கும் விளக்கின் ஒளி மட்டுமே நாணயத்தின்மேல் விழவேண்டும். இரண்டு நிற ஒளிகள் கலந்தால் செம்பு ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் தெரியும்.

*புழக்கத்திலுள்ள சாதாரண நாணயம்*

1. நாணயத்தைக் கடிகார முகப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். தலை இருக்கும் மேல்பக்கம் 12 மணி.
2. ஒரு விளக்கை 10 மணிப் பக்கமும் மற்றதை 2 மணிப் பக்கமும் வையுங்கள்.
3. பல்பு நாணயத்திலிருந்து 25 செ.மீ. அளவு தள்ளியும், மேஜை மட்டத்துக்கும் நேர் மேலுக்கும் நடுவே பாதிச் சாய்விலும் இருக்கட்டும்.
4. திரையைப் பார்த்துக்கொண்டே விளக்கின் கழுத்தை மெல்ல உயர்த்தித் தாழ்த்துங்கள். எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிழல்கோடு விழும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஒரே விளக்கு இருந்தால் 11 மணிப் பக்கம் வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்துங்கள். அது ஒளியைத் திருப்பி அனுப்பி நிழலின் கடுமையைக் குறைக்கும்.

*தேய்ந்த பழங்காசு*

ராஜராஜ சோழனின் செப்புக்காசைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் நின்ற உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம். அமர்ந்த உருவத்தின் கையருகே நாகரி எழுத்தில் “ஸ்ரீ ராஜராஜ” என்று பொறித்திருக்கும். தேய்ந்த காசில் நேர் வெளிச்சம் விழுந்தால் அங்கே ஒரு சொரசொரப்பு மட்டுமே தெரியும்.

இதற்கு ஒரே விளக்கு போதும். அதை மேஜையோடு மேஜையாக, நாணயத்தின் பக்கவாட்டில் மிகத் தாழ்வாக இறக்குங்கள். மாலை வெயிலில் வயல் வரப்புகள் நீண்ட நிழல் போடுவதுபோல, முடியளவு மேடும் நிழல் போடும். பிறகு விளக்கை 9 மணியிலிருந்து 3 மணி வரை, மேல்பக்க அரைவட்டத்தில் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் ஒரு படம் எடுங்கள். ஒரு படத்தில் முதல் எழுத்து துலங்கும், இன்னொன்றில் அடுத்தது துலங்கும். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

இப்படி ஒரு பெயரைப் படிப்பதன் மதிப்பு பெரிது. “பெருவழுதி” என்று தமிழ் பிராமியில் பொறித்த சங்ககாலப் பாண்டியர் நாணயத்தை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்து வெளியிட்டபோது, பாடல்களில் கேட்ட பெயருக்கு உலோகத்தில் சான்று கிடைத்தது. உங்கள் பெட்டியில் உள்ள தேய்ந்த காசிலும் படிக்கப்படாத எழுத்து இருக்கலாம்.

*பளபளக்கும் வெள்ளி நாணயம்*

வெள்ளியில் விளக்கு வெண்திட்டாகப் பிரதிபலிக்கும். விளக்குக்கு முன்னால், பல்பிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பட்டர் பேப்பரைத் திரைபோல நிறுத்துங்கள். ஒளி பரவி வரும், திட்டு மறையும்.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் இதற்கு நல்ல பயிற்சிக் காசு. மன்னர் அணிந்த மாலையில் எறும்பளவில் ஒரு யானை உண்டு. துதிக்கை குட்டையாக அமைந்ததால் அது பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். ஒரு படத்தில் அந்தத் துதிக்கை தெரியாமல் வெண்திட்டு விழுந்திருந்தால், அந்தக் காசின் கதையே படத்தில் இல்லை. அங்கி மடிப்பும் யானையும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும்வரை விளக்கை நகர்த்துங்கள்.

*கண்ணாடிபோல் மின்னும் புதிய நினைவு நாணயம்*

1. புகைப்படச் சட்டத்தின் கண்ணாடி ஒன்றை எடுத்து, ஓரங்களில் செலோடேப் ஒட்டுங்கள். ஒட்டாத ஓரம் விரலை அறுக்கும்.
2. காமிராவுக்கும் நாணயத்துக்கும் நடுவே அதை 45 டிகிரி சாய்வாக நிறுத்துங்கள்.
3. விளக்கைப் பக்கவாட்டில், கண்ணாடியின் உயரத்தில் கிடைமட்டமாக வையுங்கள். ஒளி கண்ணாடியில் பட்டு நேர்கீழே நாணயத்தின்மேல் இறங்கும். காமிரா கண்ணாடி வழியாக நாணயத்தைப் பார்க்கும்.
4. விளக்கின் ஒளி நேராக நாணயத்தில் விழாதபடி ஓர் அட்டையால் மறையுங்கள். விளக்குக்கு எதிர்ப்பக்கம் கறுப்புத் தாள் நிறுத்துங்கள்.

முக்கியம்: முடிந்த படத்தில் வெளிச்சம் எப்போதும் மேலிருந்து வருவதாக இருக்கவேண்டும். சூரியன் மேலேயிருந்து காய்வதற்கே நம் கண் பழகியிருக்கிறது. ஒளி கீழேயிருந்து வந்தால் புடைத்த முகம் குழிந்ததுபோலத் தோன்றும். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், இந்த மயக்கம் உடனே புரியும். ஆகவே நாணயத்தின் தலை விளக்கைப் பார்த்தபடி இருக்கட்டும்.

படமெடுக்கும் வரிசை

1. லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்ஸில் படம் பனிபோல் மங்கும்.
2. அழகூட்டி, செயற்கை நுண்ணறிவு மெருகு, ஃபில்டர் எல்லாவற்றையும் அணையுங்கள்.
3. 2 மடங்கு ஜூமைத் தேர்ந்தெடுங்கள்.
4. நாணயத்துக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல் ஸ்கேலை வையுங்கள்.
5. திரையில் ஆண்டு எண்ணின்மேல் விரலை வைத்துச் சில நொடி அழுத்துங்கள். ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும்.
6. சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். வெள்ளியின் மிகப் பளிச்சென்ற இடத்திலும் உலோகத்தின் தன்மை தெரியவேண்டும்.
7. 3 நொடி டைமரை வையுங்கள். பொத்தானைத் தொட்ட அதிர்வு அதற்குள் அடங்கிவிடும்.
8. மூன்று படம் எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்து, கூர்மையானதை வைத்துக்கொள்ளுங்கள்.
9. விளக்கையும் போனையும் அசைக்காமல் நாணயத்தை மட்டும் திருப்பி, பூப்பக்கத்தை எடுங்கள்.
10. விளிம்பு மறக்கக்கூடாது. நாணயத்தை ஓர் அழிரப்பரில் சாய்த்து நிறுத்தி, வரிகள் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். போலிக் காசுகள் பல விளிம்பில்தான் அகப்படுகின்றன.

அடிக்கடி நேரும் தவறுகளும் தீர்வும்

*படத்தில் குறுக்குப் பட்டைகள்.* நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. மலிவான பல்பு நொடிக்கு 100 முறை சிமிட்டும். காமிராச் செயலியின் ப்ரோ பகுதியில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என வையுங்கள், அல்லது பல்பை மாற்றுங்கள்.

*நாணயம் கருத்துவிட்டது.* வெள்ளைத் தாளில் வைத்திருப்பீர்கள். வெள்ளையைப் பார்த்துப் போன் வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. சாம்பல் அட்டைக்கு மாறுங்கள்.

*நாணயம் வெளுத்துவிட்டது.* கறுப்புத் துணியில் வைத்ததன் எதிர்விளைவு. இதற்கும் சாம்பல் அட்டைதான் தீர்வு.

*ஒரு பாதி கூர்மை, மறுபாதி மங்கல்.* போன் சாய்ந்திருக்கிறது. கண்ணாடிச் சோதனையை மீண்டும் செய்யுங்கள்.

*நடுவில் கரிய நிழல்.* போன் மிகக் கிட்டே இருக்கிறது. மேலே தூக்கி, ஜூமைப் பயன்படுத்துங்கள்.

*பிளாஸ்டிக் உறை மின்னுகிறது.* விளக்கைத் தாழ்த்துங்கள். அப்போதும் மின்னினால், உறையிலிருந்து எடுக்கலாமா என்று யோசித்து எடுங்கள். முத்திரையிட்ட சான்றிதழ் உறையை ஒருபோதும் பிரிக்காதீர்கள்.

எடுத்த பிறகு

1. நாணயத்தைச் சுற்றிச் சிறு இடைவெளி விட்டுச் சதுரமாக வெட்டுங்கள். ஸ்கேல் உள்ள மூலப் படத்தையும் அழிக்காமல் வையுங்கள்.
2. நாணயத்தைக் கையில் பிடித்துத் திரையோடு ஒப்பிடுங்கள். நிறம் மாறியிருந்தால் அதை மட்டும் சரிசெய்யுங்கள். கூர்மையைக் கூட்டாதீர்கள். கீறலும் தேய்மானமும் உள்ளபடியே இருக்கட்டும்.
3. கோப்புக்குப் பெயர் வையுங்கள்: “1911-ஐந்தாம் ஜார்ஜ்-ரூபாய்-தலை” என்பதுபோல. 300 படம் சேர்ந்தபின் பெயர் வைக்க உட்கார்ந்தால் முடியாது.
4. எடையையும் குறுக்களவையும் உடனே குறித்துவையுங்கள். அந்த வெள்ளி ரூபாயின் சரியான எடை 11.66 கிராம். படமும் எடையும் சேர்ந்தால்தான் அடையாளம் முழுமை பெறும்.
5. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது “டாக்குமென்ட்” ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி நுணுக்கம் போய்விடும்.

பாதுகாப்பு

*இருப்பிடத் தகவல்.* காமிரா அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டுப் படமெடுங்கள். உங்கள் சேகரிப்பு எந்த வீட்டில் இருக்கிறது என்பதைப் படமே சொல்லிவிடக்கூடாது. பின்னணியில் விலாசமிட்ட உறை, பீரோ, வங்கிப் புத்தகம் எதுவும் தெரியவேண்டாம்.

*ஏமாற்று.* உங்கள் படத்தைப் பார்த்து “லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்” என்று அழைப்பு வந்தால் துண்டியுங்கள். பழைய நாணய விற்பனையில் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் வரியும் கேட்கும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அப்படிப்பட்ட விற்பனையில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்றும் அது தெளிவுபடுத்தியது.

*மண்ணில் கிடைத்த காசு.* வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ வயலிலோ காசுக்குவியல் கிடைத்தால் அள்ளிக் கழுவாதீர்கள். கிடந்த நிலையிலேயே, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. எந்த ஆழத்தில், எந்தப் பானையில் இருந்தது என்பதை உங்கள் படம் மட்டுமே பிறகு சொல்லமுடியும்.

*விளக்குச் சூடு.* பட்டர் பேப்பரைப் பல்பின்மேல் சுற்றாதீர்கள். பழைய குண்டு பல்பாக இருந்தால் தீப்பிடிக்கும்.

இன்றே ஒரு பயிற்சி

வீட்டிலுள்ள பத்து ரூபாய் நாணயங்களில் வேறுவேறு குறி உள்ளவையாக மூன்றைத் தேடி எடுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று விளக்கு நிலைகளில் எடுங்கள்: நேர் மேலே, பாதிச் சாய்வு, மேஜை மட்டம். ஒன்பது படங்களையும் வீட்டில் ஒருவரிடம் காட்டி, எது எந்த ஊர் நாணயம் என்று கேளுங்கள். தடுமாறாமல் பதில் வரும் படத்தில் விளக்கு எங்கே இருந்தது என்று பாருங்கள். அந்த இடத்தில் மேஜைமேல் பென்சிலால் ஓர் அடையாளம் இடுங்கள். அடுத்த முறை தாத்தாவின் பெட்டியைத் திறக்கும்போது விளக்கை அங்கிருந்தே தொடங்குங்கள்.